பிந்தியதன் காரணம்

எங்கள் கந்தோரில் அவளுக்குப் பெயர் ஊசி மிஸ். மிஸ் என்றால் பாடசாலை மிஸ் இல்லை. கண்டியில் கந்தோரில் வேலை செய்கிற எந்தப் பெண்ணும் மிஸ்தான். மாதா மாதம் கம்ப்யூட்டர்களுக்கு ஊசி போடுகிறவள் என்பதால் ஊசி மிஸ். அந்தப் பெயரை வைத்தது நான். கேலிக்குத்தான் வைத்தேன். அவள் அதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை அக்கா, சரியாத்தான் வைச்சிருக்கிறியள்" என்றாள். கேலி செய்தவளுக்கு இதைவிடத் தோல்வி உண்டா!

அவள் யாழ்ப்பாணம். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கண்டிக் கடைத்தெருவில் வளர்ந்தவள். அவளைவிட மூன்று வயது மூப்பு, வாய் முப்பது வயது மூப்பு. புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். தோட்டத்துச் சனங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. யுத்த காலத்தில் தமிழனுக்கு அடையாள அட்டை என்றால் என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூலப் பத்திரங்களைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம். பிரதி எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது நான். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அவள்.

கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற மென்பொருளில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அந்த ஓட்டை வழியாகக் கள்ளன் உள்ளே வரலாம், வைரஸ் வரலாம். செய்த கம்பனிக்காரனே அதற்கு ஒரு ஒட்டுத் துண்டு தயாரித்து, மாதத்தில் ஒரு புதன்கிழமை வெளியிடுவான். அவனவன் தன் மெஷினில் போட்டுக்கொள்ள வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எங்கள் கந்தோரில் இன்டர்நெட் டெலிபோன் வயரில் வந்த காலம் அது. ஒரு ஒட்டு இறங்க அரை நாள் போகும். நடுவில் யாராவது ஒரு தோட்டத்திலிருந்து போன் எடுத்தால் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆகவே வியாழன் விடிய அவள் கொழும்பு ரயிலில் இருப்பாள். அங்கே ஒரு சொந்தக்காரரின் கந்தோரில் நல்ல லைன் இருந்தது. ஒட்டுகளை சீடியில் ஏற்றிக்கொண்டு மாலை ரயிலில் திரும்புவாள். லீவும் அவளுடையது, ரயில் காசும் அவளுடையது.

கொண்டு வந்ததை உடனே எல்லாருக்கும் போடவும் மாட்டாள். முதலில் தன் மெஷினில் போடுவாள். இரண்டு நாள் அதில் வேலை செய்து பார்ப்பாள். சில நேரம் ஒட்டே மெஷினைப் படுக்க வைத்துவிடுமாம். "படுத்தா முதல்ல என்ரை படுக்கட்டும்" என்பாள். பிறகுதான் மற்றவர்களுக்கு. சனியும் ஞாயிறும் சீடிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வைத்தியர் வீடு, டியூட்டரி, பங்களாவில் தனியாக இருந்த ஒரு ஓய்வுபெற்ற நீதவான், தமிழர் சிங்களவர் பறங்கியர் என்று கணக்கில்லை. ஒருவர் வீட்டிலும் காசு வாங்கியதில்லை. திரையில் ஒட்டு ஏறுவதைக் காட்டும் கோடு நிரம்பி முடியும்வரை தேத்தண்ணியும் குடிக்க மாட்டாள்.

கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்கும் வருவாள். மகளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஹோலில், கைப்பின்னல் சீலை மூடிக்கொண்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"நல்லா ஓடுற மெஷினை எதுக்குங்க நோண்டுறீங்க? பழுதாச்சுன்னா பார்ப்போமே."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஓட்டையை இப்ப உலகத்துக்கே சொல்லியாச்சு அண்ணை. மருந்து வந்திட்டுது எண்டு அறிவிச்சா, நோய் எங்கை கிடக்கு எண்டு கள்ளனுக்கும் விளங்கும்தானே. நேற்று வரைக்கும் உங்கட கதவு பூட்டேல்லை எண்டது ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கு எல்லாருக்கும் தெரியும்."

அவர் எழுந்து போய் முன்கதவைப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா வேலிக்கு மேலால் எட்டி, "தங்கச்சி, எங்கட மெசினுக்கும் ஒரு ஊசி போட்டுட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டார். அன்று அவள் திரும்பும்போது கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம். அதையும் வேலை முடிந்த பிறகுதான் வாங்கினாள்.

அவளிடம் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி இருந்தது. முதல் நிரலில் இடம், இரண்டாவதில் மெஷின். மூன்றாவதில் ஒட்டின் எண். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. போட்டு முடித்தால் ஒரு சரி. கடைசி நிரலின் தலைப்பு, பிந்தியதன் காரணம். வந்த ஒட்டு போட வேண்டிய நாளில் போடப்படாவிட்டால் ஏன் என்று அதில் எழுதியே ஆக வேண்டும். யார் கேட்டார்கள் அவளிடம்? ஒருவரும் கேட்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். "என்னாங்க மிஸ், சித்திரகுப்தனுக்கு அசிஸ்டெண்டா?" என்றிருக்கிறேன். அந்தக் கொப்பிதான் ஒரு சனிக்கிழமை அவளைப் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை நியாயமாக இராது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வருஷம் சரஸ்வதி பூசையும் மாதத்து ஒட்டும் ஒன்றாக வந்தன. கந்தோரில் எங்கள் பூசை அமர்க்களமாக நடக்கும். டைப்ரைட்டர், கம்ப்யூட்டர், பைல், ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பூசையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுப்போம். அவள் சீடியோடு வந்து நின்றாள்.

"அக்கா, இந்த முறை பொல்லாத ஓட்டை. என்ரை மெஷினிலை போட்டுப் பாத்திட்டன், சரியாக் கிடக்கு. இதிலையும் இண்டைக்கே போட்டுவிடுறன்."

"மாலை போட்ட மெஷினை யாராச்சும் தொடுவாங்களா? சரஸ்வதிக்கு முன்னால வச்சதை நோண்டுனா அவ கோவிச்சுக்குவா. ஒங்க ஊர்ல பூசை கிடையாதா?"

அவளும் சைவக்காரிதான், வெள்ளி விரதம் தவறாதவள். "சரியக்கா. ஆனா விஜயதசமியண்டு நான் வந்து போடுமட்டும் டெலிபோன் வயரை மட்டும் மெஷினிலை குத்தாதேங்கோ" என்றாள்.

நான் குத்தினேன். விஜயதசமியன்று நல்ல நேரம் ஏழரைக்கு. அவள் வரும் பஸ் எட்டரைக்கு. நல்ல நேரத்தில் முதல் வேலையாக ஒரு ஈமெயில் பார்த்தால் வருஷம் முழுக்க வேலை ஓடும் என்பது என் கணக்கு. கற்பூரம் காட்டி, வயரைக் குத்தி, லைன் எடுத்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்தது. அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டு போய் மெஷின் தானாக அணைந்தது. திரும்ப எழும்பியது. திரும்ப அறுபது. மெஷினின் மேல் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

கலஹாப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் வந்து காத்திருந்தாள். மகளின் அடையாள அட்டைக்கான பத்திரம் பதினொரு மணிக்குள் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் இருக்க வேண்டும். மிஸ் வந்தாள். வந்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெலிபோன் வயரைக் கழற்றினாள், உட்கார்ந்தாள். மெஷின் சரியாகிப் பத்திரம் அச்சாகும்போது பன்னிரண்டரை. கச்சேரியில் அடுத்த தவணை ஒரு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள். மகளால் கொழும்பில் கிடைத்திருந்த வேலைக்குப் போக முடியவில்லை. அட்டை இல்லாமல் எப்படிப் போவாள்? தாய் என்னைப் பார்த்து, "பரவாயில்லைங்கம்மா, சாமி காரியம்" என்றாள். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் சும்மா இருக்க முடியாமல் எண்பத்துமூன்றில் தமிழர் கடைகளை எரித்த கலவரத்துக் கதையைச் சொன்னேன். எங்கள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் சின்னப் பலசரக்குக் கடை. போர்டில் சிங்களப் பெயர்தான். அப்படியும் நேராக எங்கள் கடைக்கு வந்தார்கள். பக்கத்துக் கடையில் கை வைக்கவில்லை. வந்தவன் கையில் ஒரு தாள், அதில் பெயர்கள். நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கேட்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் உச்சுக் கொட்டுவார்கள். இவள் கையைக் கழுவாமல் யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பட்டியல் ஆரின்ரை மேசையிலையிருந்து போனது அக்கா?"

இருபது வருஷமாக நான் எரித்தவர்களைத்தான் நினைத்திருந்தேன். அந்தத் தாள் முதலில் எந்த மேசையில் இருந்தது, யார் கவனமில்லாமல் விட்டார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மறுநாளிலிருந்து ஊசி மிஸ் என்பதைக் கேலியாகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. எந்தச் சந்தியிலும் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிப் பார்த்தார்கள். அவள் கலகெதரப் பக்கம் இரண்டு வீடுகளுக்கு ஒட்டுப் போடப் போயிருந்தாள். பகல் ஒரு மணிக்குக் கந்தோரில் போன் அடித்தது. எங்கள் ஐயா, அதாவது கந்தோர்ப் பெரியவர், ஹற்றனுக்குப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன். குருநாகல் வீதியில் ஒரு பொலிஸ் நிலையம், பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்து அட்டையோடு ஒரு பெண்ணை மறித்திருக்கிறோம், பையில் சீடிகளும் கண்டி வீடுகளின் பெயர்களும் இரகசிய எண்களும் எழுதிய கொப்பியும் இருக்கின்றன, உங்கள் ஆளா என்று கேட்டார்கள். நாலு மணிக்குக் கண்டியிலிருந்து ஜீப் வந்து விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போகும் என்றும் சொன்னார்கள். அந்த நாளில் அப்படி ஜீப்பில் ஏறினவர்கள் எப்போது இறங்குவார்கள், இறங்குவார்களா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

கந்தோரைப் பூட்டினேன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடி பஸ் பிடித்தேன். பஸ் மெதுவாகப் போனது, நான் சாரதியை மனதுக்குள் ஏழு தலைமுறைக்கும் திட்டினேன். போய்ச் சேரும்போது இரண்டரை.

அவள் வாங்கில் நேராக உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும், "நீங்கள் ஏனக்கா வந்தனீங்கள், உங்களையும் பிடிச்சு வைக்கப் போகினம்" என்றாள்.

"பிடிச்சு வச்சா சோறு போடட்டும். சும்மா இருங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், களைத்த முகம். கொப்பியை விரித்து மேசையில் வைத்தார். எண்களைக் காட்டினார். இது என்ன சங்கேதம், இந்த வீடுகளில் என்ன செய்யப் போகிறாள் என்று சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் சந்தைச் சிங்களம், இலக்கணம் கிடையாது, ஆனால் தைரியம் உண்டு. ஒட்டு, ஓட்டை, ஊசி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்? காசு வாங்காமல் வீடு வீடாகப் போய் மெஷினுக்கு ஊசி போடுகிறாள் என்றால் எனக்கே பொய் மாதிரித்தான் கேட்டது.

"இந்தக் கடைசி நிரலில் தமிழில் நிறைய எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வரியாக வாசித்துச் சிங்களத்தில் சொல்லு" என்றார்.

வாசித்தேன். டியூட்டரி: பரீட்சை நடந்தது. வைத்தியர் வீடு: கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். கெலிஓயா, அக்கா வீடு: நல்லா ஓடுறதை ஏன் நோண்டுவான் எண்டு அண்ணை சொன்னவர். எழுத்துவேலை செய்த சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். கந்தோர், அக்காவின் மெஷின். மூன்று நாள் பிந்தியது. காரணம்: நான் விட்டுக்குடுத்தது. என்ரை பிழை.

வருஷம் ஒன்றாகியும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கொப்பியில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மகே வெரத்த" என்றேன். என் பிழை. எழுதியிருந்தது அதுதான், சொல் மாற்றவில்லை. யாருடைய பிழை என்பதை மட்டும் நான் சரியான ஆளுக்குப் போட்டேன்.

மணி மூன்று. அப்போதுதான் மூலையில் கவனித்தேன். அவர்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பிளாஸ்டிக் உறை, மேலே புத்த பிக்குமார் ஓதித் தரும் வெள்ளைப் பிரித் நூல் கட்டியிருந்தது. எனக்கு என் குங்குமப் பொட்டு நினைவு வந்தது. உறையை எடுக்கச் சொன்னேன். உள்ளே என்னென்ன போட்டிருக்கிறது என்று காட்டும் பட்டியலை எப்படித் திறப்பது என்று அவள் செய்து செய்து எனக்கும் மனப்பாடம். சார்ஜன்டைத் திறக்கச் சொன்னேன். வரிசையாக வந்தன, ஆறு இலக்க எண்கள்.

"இப்ப கொப்பியில நான் வாசிக்கிறேன், நீங்க திரையில பாருங்க."

முதல் எண்ணை வாசித்தேன். சார்ஜன்ட் விரலால் தேடி, "இருக்கு" என்றார். இரண்டாவது, இருந்தது. மூன்றாவது, நான்காவது, இருந்தன. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"சேர், இது சங்கேதம்னா அதே சங்கேதம் ஒங்க மெஷினுக்குள்ளயும் இருக்கு. அப்ப அந்த ஜீப்புல ஒங்க மெஷினையும் ஏத்தணும்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் என்னையே பார்த்தார். பிறகு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கொப்பியை மூடி என் கையில் தந்தார்.

நான் அவள் கையைப் பிடித்து, "வாங்க, ஓடிருவோம்" என்றேன். அவள் எழுந்தாள். ஆனால் வாசலுக்கு வரவில்லை, கம்ப்யூட்டருக்குப் போனாள்.

"அக்கா, கடைசி ஏழு மாசத்து ஒண்டும் இதிலை இல்லை."

"இல்லாட்டி இல்லாமப் போகட்டும்! பைத்தியமா மிஸ் ஒங்களுக்கு? நாலு மணிக்கு ஜீப் வருதுங்க!"

"சீடி கையிலைதானே கிடக்கு. ஒரு மணித்தியாலம் காணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காதுக்குள் சொன்னேன். "இது யாரோட மெஷின் தெரியுமா? நம்மளைப் பிடிக்கிறவங்க மெஷின். இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனங்க எல்லாப் பேரும், வீடும், அட்டை நம்பரும் இதுக்குள்ளதான் பதிஞ்சு வச்சிருக்காங்க. இதுக்குப் போயி ஊசி போடுறீங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அதாலதான் அக்கா. எங்கட பேர்கள் உதுக்குள்ளை கிடக்கு. உதிலையிருந்து இனி ஒரு தாள் வெளியிலை போகக் கூடாது."

நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள், அவர் தலையாட்டினார். டெலிபோன் வயரைக் கழற்றினாள். முதல் சீடியைப் போட்டாள். சார்ஜன்ட் அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாலு மணிக்குச் சொன்னபடி ஜீப் வந்தது. கதவு திறந்து சாத்துகிற சத்தம், சப்பாத்துச் சத்தம். திரையில் கோடு பாதியில் நின்றது. நான் கதிர்காமத்துக் கந்தனிலிருந்து தொடங்கி எல்லாரையும் கூப்பிட்டேன். இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பிழையான தகவல், ஆள் ஒருவரும் இல்லை என்று சொல்வது கேட்டது. ஜீப்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, அது யார் என்றார்கள்.

"கம்ப்யூட்டர் செய்ய வந்த மிஸ்" என்றார் சார்ஜன்ட், முகத்தை அசைக்காமல்.

ஜீப் போய்விட்டது. அவள் திரும்பியே பார்க்கவில்லை. கடைசிச் சீடி முடிந்து மெஷின் ஒருமுறை அணைந்து எழும்பி, பட்டியலில் ஏழு மாதத்து எண்களும் வந்த பிறகுதான், அவர்கள் கொடுத்து ஆறிப்போயிருந்த தேத்தண்ணியைக் குடித்தாள். கொப்பியை என்னிடமிருந்து வாங்கினாள். அடுத்த வெறும் வரியில் இடம் எழுதினாள், எண் எழுதினாள், சரி போட்டாள். கடைசி நிரலில் பேனா நின்றது. ஏன் இவ்வளவு நாள் போடவில்லை என்று சார்ஜன்டிடம் ஆங்கிலமும் சைகையுமாகக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, வெட்கத்தோடு சிங்களத்தில் பதில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவள் அதை அப்படியே எழுதினாள்: ஒருவரும் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கொப்பியிலை வீட்டுப் பேர் எழுதினது பிழை அக்கா. இனி நம்பர்தான் போடோணும். நானே ஒரு ஓட்டையைக் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். தப்பிவந்த சந்தோஷத்தைக் கொண்டாடக்கூட அவளுக்குத் தெரியாது.

குட்ஷெட்டில் இறங்கியதும் கேட்டேன். "இனிமே அந்தப் பக்கம் போக மாட்டீங்கதானே?"

"போகாமல்? வாற மாசத்து ஒட்டு வருமே அக்கா. அவையளுக்கும் போடோணும்."

இவளோடு வாயாடி வென்றவர் உண்டா! அடுத்த மாதம் புதன்கிழமை ஒட்டு வந்தது. வியாழன் அவள் கொழும்புக்குப் போய் வந்தாள். இரண்டு நாள் தன் மெஷினில் போட்டுப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை சீடிப் பையோடு குட்ஷெட்டுக்கு வந்தபோது, குருநாகல் பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.